வீட்டுக் காற்றுக்குக் காபன் வடிகட்டி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர் திருத்துகிறேன். கொஞ்சக் காலமாகக் காற்றுச் சுத்திகரிப்பான்களும் மேசைக்கு வருகின்றன. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் தொய்வுக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். சிலர் கொழும்பிலிருந்து தாங்களே எடுப்பிக்கிறார்கள். பெட்டியின் மேல் 'செயற்படுத்திய காபன் வடிகட்டி' என்று பெரிதாக எழுதியிருக்கும். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று கேட்டு வருபவர்களுக்கு இத்தனை நாளும் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வீடுகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஏசி போட்டுப் பூட்டிய கொழும்பு மாடி வீட்டுக்குச் சொல்லும் புத்தி எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

செயற்படுத்திய காபன் என்பது என்ன? எங்கள் சிரட்டைக்கரிதானே?

பாதி சரி. சிரட்டைக்கரியில்தான் அது தொடங்குகிறது. சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி கிடைக்கும். முந்தி அயன் பெட்டிக்குள் போட்ட அதே கரி. அந்தக் கரியை 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் வைத்து அதன்மேல் நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று காபனோரொட்சைட்டாகவும் ஐதரசனாகவும் வெளியேறும். தின்ற இடமெல்லாம் துளை. கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒன்றிரண்டு பங்கு அகலமே உள்ள துளைகள்.

அந்தத் துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஒரு கிராம் கரியில் ஏறக்குறைய 1000 சதுர மீற்றர் பரப்பு வரும். நாலு கிராமுக்கு ஒரு ஏக்கர். ஒரு கைப்பிடி கரியை அள்ளினால் பத்து ஏக்கர் வயல் உங்கள் கைக்குள் இருக்கிறது. இதை நான் முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று கரித்தூள் ஒட்டிய கையைக் கழுவ மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. தேங்காய்ச் சிரட்டையில் செய்யும் காபனுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அதன் துளைகள் மிகச் சிறியவை, ஆகவே வாயுக்களைப் பிடிக்க உகந்தவை. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குள்ளும் சிரட்டைக்கரி போட்டார்கள். இலங்கை இந்தப் பொருளை ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளில் ஒன்று. 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் இந்தத் துறையில் உலகப் பெரியவர்களோடு நிற்கிறது. பளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் முறிகண்டிப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் அடிக்கும் இடத்திலும் சிரட்டைக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் இங்குள்ளவர்கள் அந்தக் கரியை வெளிநாட்டுப் பெட்டிக்குள் அடைத்து வந்த பிறகுதான் காண்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அது காற்றை எப்படிச் சுத்தமாக்குகிறது?

சல்லடை மாதிரி அரித்து எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் 'புறத்துறிஞ்சல்' என்று படித்திருப்பீர்கள். வாயு மூலக்கூறுகள் துளைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். பெரும்பாலும் இரசாயன மாற்றம் எதுவும் இல்லை.

எது ஒட்டும், எது ஒட்டாது என்று அறிய ஒரு இலகுவான வழி இருக்கிறது: கொதிநிலையைப் பாருங்கள். பென்சீன் 80 பாகையில் கொதிக்கிறது, தொலுயீன் 111இல். பெயின்ற், தின்னர், பெற்றோல் மணமெல்லாம் இந்தக் கூட்டம். கரியில் நன்றாக ஒட்டும். போமல்டிகைட்டின் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 19. அமோனியாவுக்குச் சுழியத்துக்குக் கீழே 33. இவை சும்மா கரியில் நிற்காமல் நழுவிப் போகும். காபனோரொட்சைட்டுக்குச் சுழியத்துக்குக் கீழே 191. அதைக் கரி திரும்பியும் பார்க்காது. எல்லா இடத்திலும் அச்சொட்டாகப் பொருந்தும் விதி அல்ல, ஆனால் கடையில் நின்று முடிவெடுக்கப் போதும்.

அப்படியென்றால் எவற்றைப் பிடிக்காது?

முதலாவது, காபனோரொட்சைட்டு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மின்சாரம் நின்ற நேரத்தில் ஜெனரேற்றரை விறாந்தையில் ஓட விட்டுக் கதவைச் சாத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாரி காலத்தில் ஈர உடுப்புக் காய அறைக்குள் கரிச்சட்டி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் வருவது மணமோ நிறமோ இல்லாத காபனோரொட்சைட்டு. அது குருதியில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை கிலோ காபன் வைத்தாலும் அதைத் தடுக்காது. சுத்திகரிப்பான் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் யாராவது கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால் அந்தப் பெட்டி இல்லாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது, நாங்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு. ஏசி அறையில் நாலு பேர் படுத்து எழும்பும்போது தலை பாரமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு மருந்து யன்னல்.

மூன்றாவது, புழுதி, புகைத்துகள், பூஞ்சண வித்து. இவை வாயு அல்ல, துகள். துகளுக்குக் காபன் சரியான கருவி இல்லை.

அம்மா விறகடுப்பில்தான் சமைக்கிறா. குசினியில் ஒன்று வைத்தால் புகை போகுமா?

என்னிடம் ஆகக் கூடுதலாக வரும் கேள்வி இது. கேட்பவர்களின் அக்கறை விளங்குவதால் பதில் சொல்ல மனம் கஷ்டப்படும். ஆனால் பதில் ஒன்றுதான்: போகாது.

விறகுப் புகையில் ஆபத்தான பெரும் பங்கு நுண்துகள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய அளவுகளின்படி 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகள்கள் ஒரு நாள் சராசரியில் கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. புகைபோக வழியில்லாத விறகடுப்புக் குசினியில் சமைக்கும் நேரத்தில் அது பல நூறாக ஏறும். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

வட்டக்கச்சியிலிருந்து ஒருவர் தன் தாயின் குசினியில் மூன்று மாதம் ஓடிய இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 'காற்று வரவில்லை' என்றார். திறந்தேன். காபன் தட்டு கறுப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. விரலை வைத்தால் பலாப்பாலில் வைத்தது போல ஒட்டியது. விறகுத் தார் துளைகளின் வாயையெல்லாம் மூடிவிட்டது. உள்ளே ஏக்கர் கணக்கில் பரப்பு இருந்தும் வாசல் அடைபட்டுப் போயிருந்தது. அந்த அம்மா மூன்று மாதமும் முன்னர் போலவே புகையைக் குடித்திருக்கிறா.

ஆகவே இயந்திரத்துக்கு வைத்திருக்கும் காசை முதலில் புகைக்கூட்டுக்குப் போடுங்கள். மேசனைப் பிடித்து அடுப்புக்கு மேல் கூம்பாக ஒரு மறைப்பும், கூரை முகட்டைவிட உயரமாகப் போகும் ஒரு குழாயும் வையுங்கள். முகட்டுக்குக் கீழே நின்றால் சோளகக் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த பல வீடுகளில் குசினி ஒடுக்கம். தகரக் கொட்டில் ஒன்றைப் பின்பக்கம் இறக்கிச் சமைப்பவர்கள் அதிகம். அந்தக் கொட்டிலில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி விட்டாலே புகை தானாக ஏறிப் போகும். மழைச் சாரலுக்குப் பயந்து அதைச் சாக்குக் கட்டி அடைக்காதீர்கள்.

விறகு இன்னொரு பெரிய விசயம். பாலையோ வீரையோ, எதுவானாலும் மாரிக்கு முன் கொத்தி, மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் புகை எவ்வளவு குறையும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈர விறகை ஊதுகுழலால் ஊதி ஊதி எரிப்பவரின் முகத்துக்கும் புகைக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான். அனகி மண்ணடுப்பு கிடைத்தால் வாங்குங்கள்; விறகும் மிச்சம், புகையும் குறைவு. 2022இல் எரிவாயு கிடைக்காமல் விறகுக்குத் திரும்பிய வீடுகள் சில இன்னும் விறகிலேயே நிற்கின்றன. கட்டுப்படியாகுமானால் சிலிண்டருக்கு மாறுவதைவிட நல்ல காற்றுச் சுத்திகரிப்பு வேறில்லை.

வீதிப் புழுதிக்கு?

காபன் உதவாது. கிரவல் வீதிக்கரை வீடென்றால் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் புழுதியை அள்ளிக் கொட்டும். அதற்கு ஹெப்பா வடிகட்டி வேண்டும், 0.3 மைக்ரோன் துகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். யன்னல் திறந்திருந்தால் அதுவும் தோற்கும். வேலியோரம் அடர்த்தியாகச் செடி வைப்பதும், காலையில் ஈரத் துணியால் துடைப்பதும், தும்புத்தடியால் புழுதி கிளப்பிக் கூட்டாமல் இருப்பதும் செலவில்லாத வழிகள்.

வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள் இருக்கிறது. அந்த மணத்தைக் காபன் எடுக்குமா?

மணத்தின் ஒரு பகுதியை எடுக்கும். பீடைநாசினிகளைக் கரைக்கப் பாவிக்கும் எண்ணெய்களும் பல மருந்துகளின் ஆவியும் கரியில் ஒட்டக் கூடியவை. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் வேறு: மருந்தை வெளியே எடுங்கள். காலபோகத்துக்கு வாங்கி மிஞ்சிய போத்தல் கட்டிலுக்குக் கீழே, நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும்போது எந்த வடிகட்டியும் வெல்லாது. போத்தல் இருபத்து நாலு மணித்தியாலமும் கசியும், வடிகட்டியோ ஒரு அளவோடு நிறைந்துவிடும். வீட்டுக்கு வெளியே, உயரத்தில், பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி போதும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பதற்கும் அதுவே வழி. பெட்டியை வெளியே வைத்து, அறையை மூன்று நாலு நாள் திறந்து விட்ட பிறகும் சுவரில் மணம் நின்றால் அப்போது காபன் நல்ல உதவி.

மருந்தடித்த உடுப்பும் அப்படித்தான். அறைக்குள் கொண்டுவந்து கொடியில் போடாதீர்கள்.

நுளம்புத்திரிப் புகை?

2003இல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு திரி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவு நுண்துகளை விடும் என்று கண்டார்கள். காபன் மணத்தைக் குறைக்கும், துகளை விட்டுவிடும். 'மணம் இல்லை, ஆகவே புகை இல்லை' என்று நினைக்க வைப்பதால் இது இன்னும் கெடுதல். நுளம்பு வலை கட்டுங்கள்.

கூரைக்குள் வௌவால் அடைந்து நாறுகிறது.

அதில் அமோனியா அதிகம். சாதாரண காபன் அதைச் சரியாகப் பிடிக்காது. அமிலம் ஊட்டிய காபன் வேண்டும், அது இங்கே இலகுவில் கிடைக்காது. பின்னேரம் அவை வெளிக்கிட்ட பிறகு எச்சத்தை அள்ளி (மூக்கையும் வாயையும் வடிவாக மறைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து), நுழையும் ஓட்டையை அடைப்பதுதான் தீர்வு. குட்டி இருக்கும் காலத்தில் அடைக்காதீர்கள், உள்ளே செத்து இன்னும் நாறும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எடையை. மற்றதெல்லாம் பிறகு.

இது என் சொந்தக் காசில் பட்டுக் கற்றது. கடையில் நாள் முழுக்க ஈயப் பற்றுப் பிடிக்கிறேன். அந்தப் பிசின் புகை கண்ணை எரிக்கும். அதற்காக ஒரு இயந்திரம் வாங்கினேன். 'காபன் வடிகட்டி உள்ளது' என்று போட்டிருந்தது. இரண்டு கிழமையில் பழைய மணம் திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு பஞ்சுத் தாளில் கரித்தூளைப் பூசியிருந்தார்கள். தபால் நிறுக்கும் தராசில் வைத்தேன்: தாளோடு சேர்த்து 40 கிராம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. விற்ற கடையில் கேட்டேன், 'காபன் இருக்குத்தானே' என்றார்கள். இருந்தது, உண்மைதான்.

கரி தன்னுள் அடக்கக் கூடிய அளவு அதன் எடையைப் பொறுத்தது. வீட்டுக் காற்றில் இருக்கும் ஐதான ஆவிகளில் அது தன் எடையில் சிறு பங்கைத்தான் பிடிக்கும். அதோடு காற்றும் கரியும் ஒன்றையொன்று தொட்டு நிற்க நேரம் வேண்டும். மெல்லிய தாளைக் காற்று கடந்து போக எடுக்கும் நேரம் காணாது. மணிமணியான காபன், ஓரங்குலத் தடிப்பிலாவது, அரைக் கிலோவுக்குக் குறையாமல் உள்ளதா என்று பாருங்கள். ஒரு கிலோ என்றால் நல்லது. எடை எங்கும் எழுதியில்லாவிட்டால் வடிகட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல காபன் வடிகட்டி பாரமாக இருக்கும்.

'அயன்' (மின்னேற்றம் பெற்ற துணிக்கை) விடுவதாகவோ 'ஓசோன்' விடுவதாகவோ போட்டிருப்பதை வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. தொய்வு உள்ள வீட்டில் அது கூடவே கூடாது.

அறையின் அளவுக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைப்போம். 1000 கன அடி. அறைக் காற்று முழுவதும் மணித்தியாலத்துக்கு ஐந்து தரம் வடிகட்டியூடாகப் போக வேண்டும் என்றால் 5000 கன அடி. அறுபதால் பிரித்தால் நிமிடத்துக்கு 83 கன அடி. பெட்டியில் 'சிஏடிஆர்' (சுத்தமான காற்றை வெளிவிடும் வேகம்) என்று போட்டிருக்கும் இலக்கம் அதைவிடக் குறைந்தால் அந்த அறைக்குக் காணாது. மீற்றரில் போட்டிருந்தால் மணித்தியாலத்துக்கு 140 கன மீற்றர் என்று எடுங்கள். அந்த இலக்கம் பொதுவாகத் துகளுக்கு அளந்தது, வாயுவுக்கு அல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

முகட்டு ஓட்டு வீடு, சீலிங் இல்லை என்றால் இந்தக் கணக்கே பிழைத்துப் போகும். ஓட்டுக்கிடையால் காற்று தானாகப் போய் வரும். அப்படியான வீட்டுக்குச் சுத்திகரிப்பான் தேவையில்லை என்பதே பெரும்பாலும் என் பதில்.

மின்சாரக் கட்டணம் பற்றிக் கவலைப்படுவோருக்கு: 50 வாற்று இயந்திரம் பத்து மணித்தியாலம் ஓடினால் அரை அலகு.

எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும்?

மூன்று முதல் ஆறு மாதம் என்று பெட்டியில் இருக்கும். வன்னியில் அந்தக் கணக்கை நம்ப முடியாது, காரணம் ஈரம். காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினால் தண்ணீர் மூலக்கூறுகளும் துளைகளுக்குள் போய்க் குந்திவிடும். மணத்துக்கு இடம் குறையும். ஐப்பசி தொடக்கம் தை வரை, வாடைக் காற்றும் அடைமழையுமான நாட்களில், இங்கே இரவில் ஈரப்பதன் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கும். இரணைமடு வான் பாயும் காலத்தில் சுவரே வியர்க்கிறது, கரி மட்டும் காய்ந்திருக்குமா? ஏசி அறை என்றால் ஈரம் குறைவு, காபன் நன்றாக வேலை செய்யும். திறந்த வீட்டில் மாரியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நிறைந்துவிட்டதா என்று அறிய உங்கள் மூக்கைத்தான் நம்ப வேண்டும், ஆனால் அறைக்குள்ளேயே இருக்கும் மூக்கை அல்ல. ஒரு மணித்தியாலம் வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் முதல் மூச்சில் மணம் தெரிந்தால் மாற்றுங்கள். நிறைந்த காபன் வெப்பமான மத்தியானத்தில் தான் பிடித்ததையே திரும்ப விடும். இயந்திரத்தின் வாயிலிருந்தே பழைய மணம் வருகிறது என்று சிலர் சொல்வது அதுதான்.

வெயிலில் காயவைத்தால் புதிசாகுமா?

ஈரம் போகும், மணத்திலும் கொஞ்சம் போகும். மாரியில் நனைந்த காபனுக்கு ஒரு பங்குனி வெயில் நல்லதுதான். ஆனால் பெயின்ற், மருந்து ஆவிகள் ஆழத்துளையில் இருக்கும். அவற்றைக் கழற்றத் தொழிற்சாலைச் சூளைகள் 700 பாகைக்கு மேல் சூடாக்குகின்றன. எங்கள் வெயில் எவ்வளவு சுட்டாலும் அதில் பத்தில் ஒன்றும் இல்லை. தாச்சியில் போட்டு வறுக்க நினைக்காதீர்கள்; பிடித்த நஞ்செல்லாம் உங்கள் முகத்துக்குத்தான் வரும். பாவித்து முடிந்ததை அடுப்பில் போட்டு எரிப்பதும், கத்தரிப் பாத்திக்குக் கொட்டுவதும் அதே காரணத்தால் கூடாது. பையில் இறுகக் கட்டிப் பிரதேச சபைக் குப்பையோடு விடுங்கள்.

வீட்டிலேயே செய்யலாமா?

காபனைச் செய்ய முடியாது. தகர ட்ரம்மில் சிரட்டை சுட்டு எடுப்பது கரி மட்டுமே. அதன் துளைகள் திறபடவில்லை. யன்னலில் ஒரு பையில் கரி கட்டித் தொங்கவிடுவதும் பயனில்லை. காற்று கரிக்குள்ளால் போக வேண்டும், பக்கத்தால் போனால் ஒன்றும் நடக்காது.

மணிக்காபன் வாங்கி வடிகட்டித் தட்டுச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன். முப்பது சதமமீற்றர் நீள அகலம், இரண்டரைச் சதமமீற்றர் ஆழம் உள்ள மரச்சட்டத்தின் இரு பக்கமும் நுளம்பு வலைக் கம்பி அடித்து, கரியை நிரப்ப ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். நிரப்ப முன் அரிதட்டில் அரித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் கரித்தூளே அறையெங்கும் பறக்கும். சட்டத்தைத் தட்டித் தட்டி நிரப்புங்கள், ஒரு மூலையில் இடைவெளி விட்டால் காற்றெல்லாம் அந்த வழியால் ஓடிவிடும். வெளிவரும் பக்கத்தில் ஒரு மெல்லிய துணி. மேசை விசிறியைக் கொண்டு இதற்குள்ளால் காற்றை இழுக்க முயலாதீர்கள். அந்த மோட்டருக்கு அவ்வளவு தெம்பு இல்லை, சூடாகிக் கருகியதை நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன். அழுத்தமுள்ள எக்ஸோஸ்ட் விசிறி வேண்டும். என் பற்று மேசையில் இப்போது இருப்பது அதுதான், முன்னால் ஒரு துகள் வடிகட்டித் தாளோடு. கண் எரிவு போய்விட்டது.

தண்ணீர் வடிகட்டியில் உள்ள காபனும் இதுவும் ஒன்றா?

பொருள் ஒன்று, வேலை வேறு. தண்ணீரில் அது குளோரின் மணத்தையும் சில இரசாயனங்களையும் எடுக்கும். எங்கள் கிணறுகளின் கல்லுத்தன்மையையும் புளோரைட்டையும் எடுக்காது. சிறுநீரக நோய்க்காக வவுனியாப் பக்கம் வைத்திருப்பவை ஆர்ஓ இயந்திரங்கள், அதாவது தண்ணீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்தி வடிப்பவை. காபன் அதில் ஒரு படி மட்டுமே. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்குப் போடாதீர்கள்.

2022 மார்கழியில் வானம் மங்கிக் கிடந்ததே, அப்படி ஒரு நாள் வந்தால்?

நல்ல ஞாபகம். மார்கழி 8ஆம் திகதி அளவில் இந்தியப் பக்கத்திலிருந்து அழுக்குக் காற்று வந்து வடக்கெங்கும் மூடியது. அடுத்த நாள் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். அந்தக் குளிரில் மாடுகளும் செத்தன. அது துகள் மாசு. அப்படியான நாளில் மட்டும் யன்னலைச் சாத்தி ஹெப்பா உள்ள இயந்திரத்தை ஓட விடுவது சரி. காபன் கூடவே இருந்தால் நட்டமில்லை. தொய்வு உள்ளவர்கள் வைத்தியர் தந்த பம்மைக் கிட்ட வைத்திருக்க வேண்டும். எந்த இயந்திரமும் அதற்கு ஈடில்லை.

அப்படியானால் வன்னியில் யாருக்குத்தான் காபன் வடிகட்டி தேவை?

ஏசி போட்டுப் பூட்டி வேலை செய்யும் அலுவலகம், போட்டோப்பிரதி இயந்திரம் ஓடும் கடை, பொலிஷ் அடிக்கும் தச்சுப் பட்டறைக்கு அடுத்த வீடு, தையல்கடைக்குள் புதுத்துணி மணத்தில் நாள் முழுக்க இருப்பவர்கள், நகம் பூசும் அழகுக்கலை நிலையம். பக்கத்துக் காணியில் பிளாஸ்டிக் குப்பை எரிப்பதால் யன்னலைத் திறக்க முடியாத வீடு (இவர்களுக்கு ஹெப்பாவும் சேர்த்து). இவர்களுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்கிறேன்.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. அறைக்குப் புதுப் பெயின்ற் அடித்துப் புது அலுமாரியும் வாங்கிவிட்டோம். மணமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

இன்னும் நாள் இருந்தால் பயமில்லை. பெயின்ற் ஆவியில் பெரும்பகுதி முதல் சில கிழமைகளில் போய்விடும். பகலில் யன்னலையும் எதிர்க் கதவையும் திறந்து, ஒரு விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்து ஓட விடுங்கள். உள்ளே சுற்றுவதைவிட வெளியே தள்ளுவதுதான் பயன். புது அலுமாரி வேறு கதை. அமுக்கிய பலகையில் இருக்கும் பசை போமல்டிகைட்டை மாதக்கணக்கில் விடும், சூட்டிலும் ஈரத்திலும் இன்னும் கூடுதலாக விடும். அதை விறாந்தைக்கு எடுத்துக் கதவுகளைத் திறந்து வையுங்கள். பிள்ளை வரும்போது பழைய முதிரை அலுமாரியே அறையில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கிலோ காபன் உள்ள இயந்திரம் இருந்தால் இரவில் ஓட விடலாம், பெயின்ற் மணத்தின் மிச்சத்தை அது எடுக்கும். தொட்டிலுக்கு நேரே காற்று அடிக்காமல் வையுங்கள்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. துடக்கு நாட்களில் அறையைப் பூட்டிவைத்து, முழுக வார்த்த பிறகு பிள்ளையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது எங்கள் வழக்கம். அம்மம்மாக்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சின்ன நுரையீரலுக்கு அது அடுப்புப் புகையைப் போலத்தான், அதைக் காபன் பிடிக்காது. அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தலைமயிர் காய வேண்டுமென்றால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காலை வெளிச்சம் விழும் யன்னலோரம் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தால் போதும்.